சுவரில் வரைந்த உண்டியல்

எழுபதுகளில் தாம்பரத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தேன். திங்கட்கிழமைதோறும் பிள்ளைகள் பத்துப் பைசா கொண்டுவந்து சேமிப்பு அட்டையில் ஸ்டாம்ப் ஒட்டவேண்டும். செல்வியின் அட்டை மட்டும் காலியாகவே கிடந்தது. அவள் அப்பா சினிமா பேனர் வரையும் ஆர்ட்டிஸ்ட்.

"உங்கப்பாவுக்குப் படம் போட மட்டும்தான் தெரியுமா? காசு சேர்க்கத் தெரியாதா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

அவள் எழுந்து, வகுப்புச் சுவரிலிருந்த பெரிய உண்டியல் படத்தைக் காட்டினாள். சேமிப்புப் பாடத்துக்காக நான் கேட்டு, ஒரு ஞாயிறு முழுக்க அவள் அப்பா வரைந்தது.

"நீங்க அதுக்குக் காசு குடுத்ததும் ஸ்டாம்ப் வாங்கலாம்னு அப்பா சொன்னாரு டீச்சர்."

'ரொம்ப அழகா இருக்கு' என்று அவரிடம் சொன்னதோடு என் கடமை முடிந்ததாக நினைத்திருந்தேன். அது அவருக்குப் பிழைப்பு என்று தோன்றவேயில்லை.

அன்று மாலையே ராஜகீழ்ப்பாக்கத்தில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பணத்தைக் கொடுத்தேன். அடுத்த திங்களன்று செல்வி சிரித்துக்கொண்டே அட்டையை நீட்டினாள். எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.