பிஜிலியின் விலா எலும்பு

அன்வர் பாஷாவின் பெண்குதிரை பிஜிலி கொழுத்தது 1961 ரமலானில். பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்கு ஜட்கா ஓட்டியவருக்கு, நோன்பு வைத்துக்கொண்டு மாசி வெயிலில் இரண்டாம் நடை போக முடியவில்லை. விடியற்காலை நடையோடு வண்டியை அவிழ்த்துவிடுவார். ஆனால் தான் பட்டினி கிடக்கும்போது வாயில்லாத ஜீவனும் தன்னோடு சேர்ந்து வாடுகிறது என்று அவருக்கு ஒரு நினைப்பு. விடியுமுன் ஸஹர் உணவுக்கு எழும்போது அதற்கும் கொள்ளு வைத்தார். நோன்பு திறந்ததும் பள்ளிவாசல் கஞ்சியில் தவிடும் வெல்லமும் கரைத்து ஒரு வாளி. வேலை பாதி, தீனி இரட்டை. இரக்கம் இதையெல்லாம் கணக்கில் எடுப்பதில்லை, உடம்பு எடுத்துக்கொண்டது.

பெருநாள் கழிந்து ஓட்டம் பழையபடி தொடங்கியபோது, பருத்திப்பட்டு ஏரி மேட்டில் பிஜிலி மூச்சு வாங்கி நின்றது. தினமும் ஆவடி ரயிலுக்குக் கூடைகளோடு வரும் பூக்காரி தாயம்மா இறங்கி நடந்தாள். ரயில் கிளம்புகிற நேரத்தில்தான் பூக்கூடைகள் அதில் ஏறின. பலம் குறைந்துவிட்டது என்று அன்வர் பாஷா கொள்ளை இன்னும் கூட்டினார். பிஜிலிக்கு மேடு இன்னும் செங்குத்தானது.

"துன்னுட்டு தூங்குது," என்றார் மனைவியிடம். "தரகன் எத்திராஜ்கிட்ட சொல்லிட்டேன். பக்ரீத்துக்கு அப்பால இத்த இட்டுகினு போய் வேற குதிரை குடுப்பான்."

குட்டியாக வந்த பிஜிலியை வளர்த்தவள் அஷ்ரஃபுன்னிசா. அவள் குரலை உயர்த்தவில்லை.

"பக்ரீத் வரிக்கும் தீனி என் கையில. நீங்க கொள்ளுப் பானை பக்கமே வரக்கூடாது."

"பட்டினி போட்டுக் கொன்னுடுவியா?"

"நீங்க துன்ன வச்சே கொல்றீங்களே."

அவளுக்கும் முதலில் தவறியது. வெல்லம், தவிட்டோடு கொள்ளையும் அடியோடு நிறுத்திவிட்டாள். பிஜிலி இளைக்கத்தான் செய்தது. ஆனால் நடையில் உயிர் இல்லை, தொட்டி விளிம்பைக் கடித்துக்கொண்டு நின்றது. கனம் போவதும் பலம் வருவதும் ஒரே காரியமல்ல என்று அவள் புரிந்துகொண்டது அப்போதுதான். இதைப் பெரிய கண்டுபிடிப்பு என்று சொல்வதற்கில்லை. ஆனாலும், தன் முடிவு தவறு என்று கண்டவுடன் வீம்பு பிடிக்காமல் மாற்றிக்கொள்கிறவர்கள் குறைவு.

வயிறு நிறைவதற்குப் புல் என்று வைத்துக்கொண்டாள். காய்ந்த புல்லைத் தூசி போக உதறித் தண்ணீர் தெளித்து, நாள் முழுதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டாள். கொள்ளைப் பாதியாக்கி ஊறவைத்து, ஒரே வேளையில் கொட்டாமல் பிரித்துக் கொடுத்தாள். வண்டி பூட்டப்போகிற நேரத்தில் வயிற்றை நிரப்பவே மாட்டாள். நாக்குக்கு ஒரு கல் உப்பு. சாயங்காலம் வண்டியில்லாமல் வெறுமனே ஒரு நடை. தினமும் விலாவில் கை வைத்துப் பார்ப்பாள். எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியக்கூடாது. அதுதான் அவள் அளவு. பக்ரீத் நெருங்கியபோது விரல்கள் எலும்பை எண்ணின.

பக்ரீத்துக்கு மறுநாள் விடியலில் எத்திராஜ் ஒரு செவலைக் குதிரையோடு வந்தான். நல்ல பருமனான ஆள். தாயம்மா கூடைகளை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"உன் குதிரைய இங்க கட்டிட்டு வண்டில ஏறு," என்றாள் அஷ்ரஃபுன்னிசா. "ஆவடி போய் வந்து பேசிக்கலாம்." தானும் ஏறிக்கொண்டாள்.

"மேட்டுல நானும் எறங்கணுமாக்கா?" என்றான் எத்திராஜ்.

"நீ எறங்கினா குதிரைக்கு வேலையே இல்ல," என்றாள் தாயம்மா.

ஏரி மேடு வந்தது. தாயம்மா பழக்கத்தில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"ஒக்காரு தாயம்மா," என்றாள் அஷ்ரஃபுன்னிசா.

அன்வர் பாஷா சாட்டையை எடுக்கவில்லை. பிஜிலி தலையைத் தாழ்த்தி, ஒரே சீராகக் குளம்பு வைத்து, நிற்காமல் ஏறியது. மேட்டின் உச்சியில் மூச்சு லேசாக வேகமெடுத்து உடனே அடங்கியது. சரிவில் தானாகவே ஓடத் தொடங்கியது.

எத்திராஜ் எட்டிப் பார்த்தான். "இத்த எதுக்கு பாய் குடுக்கிறே?"

"யாரு குடுக்கிறது?" என்றார் அன்வர் பாஷா, திரும்பாமலே.

"அப்போ என்னை எதுக்கு வரச் சொன்னே?"

"கூடைய எறக்க ஆள் வாணாமா?" என்றாள் தாயம்மா.

ஆவடி ஸ்டேஷனில் ரயில் இன்னும் வரவில்லை. எத்திராஜ் முனகிக்கொண்டே ஒரு கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டான்.