கம்பி நாரும் கருநீலக் காரும்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எங்கள் வீட்டில் குத்துவிளக்கில் ஆரம்பித்து வெந்நீர் அண்டா வரை எல்லாவற்றையும் தேய்த்துவிடுவார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. என் பங்குக்கும் ஏதாவது பளபளக்கட்டுமே என்று, அம்மா பாத்திரம் துலக்கும் கம்பி நாரை எடுத்துக்கொண்டு போய் அப்பாவின் கருநீலக் காரைத் தேய்த்தேன். பக்தி சிரத்தையாகத்தான் தேய்த்தேன். ஈரம் காய்ந்ததும் பார்த்தால், பானெட் கோழி கிளறிய குப்பைமேடு மாதிரி இருந்தது.

ஞாயிறுதோறும் காரைக் கழுவுகிறவன் அண்ணன். ஆகவே அப்பா யாரையும் விசாரிக்கவில்லை. நேராக அவன் கன்னத்தில் ஒன்று வைத்தார். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். நான் பிள்ளையார் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானமே அப்பா எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு கே.கே. நகரிலிருந்து ஊரின் இன்னொரு பக்கத்தில் இருந்த அரியமங்கலம் போனார். அங்கேதான் அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, காருக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறை வைத்திருந்தார். மாமா அண்ணனின் சிவந்த கன்னத்தைப் பார்த்துவிட்டு, கீறல்களை விரல் நுனியால் தடவினார்.

“மேலாகத்தான் இருக்கு மாப்ள. இதுக்குப் போய்ப் பிள்ளைய அடிச்சீங்களா?”

பிறகு வாளித் தண்ணீரில் ஊறிய உப்புத்தாளை எடுத்து, என்னைப் போலவே அவரும் தேய்க்க ஆரம்பித்தார்! பாலாக வழிந்தது தண்ணீர். துடைத்தபோது மிச்சமிருந்த மினுக்கமும் போய், பானெட் சாம்பல் பூத்துக் கிடந்தது. கார் ஒழிந்தது, அண்ணனுக்கு இன்னும் விழப்போகிறது. ‘நான்தான் செய்தேன்’ என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

அதற்குள் மாமா மெருகேற்றும் பஃப் மெஷினை ஓடவிட்டார். அந்தப் பஞ்சு வட்டம் பசையைப் பரப்பிக்கொண்டு போன வழியெல்லாம் நீலம் எழுந்து வந்தது. முதலில் கூரைத் தகரம் தெரிந்தது, அப்புறம் டியூப்லைட், அப்புறம் வாயைப் பிளந்துகொண்டு நின்ற நான். அவிழ்ந்த ரிப்பன்கூடத் தெரிந்தது. ஸ்ரீரங்கத்தில் பெருமாள் முன்னால் திரை விலகும்போதுகூட நான் அப்படி மெய்மறந்து நின்றதில்லை.

“கண்ண மூடிக்கிட்டுத் தடவிப் பாரும்மா. எங்கயாச்சும் தட்டுதா?” என்றார் மாமா.

உள்ளங்கை வழுக்கிக்கொண்டே போயிற்று. ஒன்றுமே தட்டவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் அப்பா பானெட்டில் சந்தனம் தடவிவிட்டு, குங்குமம் வைக்க அண்ணனைக் கூப்பிட்டார். அவன் வரவில்லை. என்னோடும் பேசவில்லை. கீறல்தான் சுத்தமாகப் போய்விட்டதே, இவனுக்கு இன்னும் என்ன கோபம் என்று எனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.