மூச்சுக்கும் மானத்துக்கும் நடுவில் ஒரு கதிரை

ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்கிற வேலை என்பது, அடுத்தவர் வாயில் வருவதை எல்லாம் உங்கள் வாயால் சொல்லிவிட்டு இரண்டு பக்கத்திடமும் முறைப்பு வாங்குகிற வேலை. பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்த பிரெஞ்சுக் கடிதத்தை ஒருதரமாவது வாசித்துக் காட்டியிருந்தால், உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நீங்களும் பட்டிருப்பீர்கள்.

நான் இருப்பது முக்கோ பிரிவில். முக்கோ என்று இங்கே சுருக்கிச் சொல்வது பிறவி நோய். நுரையீரலில் சளி பசை மாதிரி இறுகும். சாப்பாடு செமிக்க ஒவ்வொரு வேளையும் குளிசை போட வேண்டும். தினமும் இயந்திரத்தில் மருந்துப்புகை பிடிக்க வேண்டும். மூச்சுப் பயிற்சி தர 'கினே' வீட்டுக்கு வருவார். ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிற நோயல்ல. இந்த நோயாளிகளின் மனப்பாரத்தைக் கேட்கிற உளவியலாளர் மதாம் க்ளேர். அவருடைய அறையில்தான் என் கதிரை. கீழே வருவது ஒரே குடும்பத்தின் கதை. பெயர்களை மாற்றிவிட்டேன், கோபத்தை மாற்ற முடியவில்லை.

கண்டுவிட்ட குற்றம்

ஆரணிக்குப் பதினேழு வயது. இங்கேயே, சார்செல் புறநகரில் பிறந்து வளர்ந்தவள். பிரெஞ்சு அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. நான் தேவைப்பட்டது தாய்க்கு. முதல் நாள் என்னைக் கண்டதும் தாய் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"தமிழோ? ஊரிலை எவடம்?"

சொன்னேன். முகம் கறுத்தது. தன் ஊர்ச்சனத்தோடு பழக்கமில்லாத பாண்டிச்சேரி ஆள் யாரையாவது போனில் பிடித்துத் தரமுடியாதா என்று கேட்டார். இந்த அறையில் கேட்டதை வெளியே சொல்வது குற்றம், லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் கண்டால் தலைகூட அசைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துச் சொன்னார்: "நீங்கள் சொல்லமாட்டீங்கள், தெரியும் தங்கச்சி. ஆனா இனிக் கோயிலிலை உங்களைக் காணேக்கை நான் எங்கை பாக்கிறது?"

தகப்பன் வந்த நாள்

ஒரே ஒரு தடவைதான் வந்தார். தாய், தகப்பன் இரண்டு பேரிடமும் இந்தக் குறை மறைந்திருந்தால்தான் பிள்ளைக்கு நோய் வரும் என்று எங்கள் பிரிவு டாக்டர் அம்மா ஒரு தாளில் கீறிக் காட்டினார். நான் ஒரு சொல் விடாமல் சொன்னேன். தாய் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "உன்ரை பக்கத்தாலை வந்தது" என்ற பேச்சைப் பதினேழு வருசம் தனியாகச் சுமந்த மனுசி. அதற்குப் பிறகாவது அந்த ஆள் வாய் திறந்து "ஓம், நானும்தான்" என்று சொல்வார் என்று காத்திருந்தேன். அது வரவில்லை; எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கதிரையைத் தூக்கியிருப்பேன்.

அவர் தாளை நன்றாகப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்: "டொக்டர் கீறினது வடிவாய்த்தான் இருக்கு. எங்கடை பக்கத்தை மட்டும் அழிச்சுவிடச் சொல்லுங்கோ."

உங்கள் கலாசாரத்தில்

ஆஸ்பத்திரிக்காரரும் சளைத்தவர்கள் அல்ல. முக்கோ நோயாளிகள் இருவர் ஒரே அறையில் இருக்கக்கூடாது; நோய் தொற்றாது என்றாலும் ஒருவர் நுரையீரலில் இருக்கும் கிருமி மற்றவருக்குப் போய்விடும். அதனால் ஆரணி தன்னைப் போன்ற இன்னொரு பிள்ளையை நேரே கண்டதே இல்லை. எல்லோரும் கணினித் திரையில் வரும் முகங்கள். அந்தத் தனிமையைப் பற்றித்தான் அன்று பேச வந்தாள். மதாம் க்ளேரிடம் பயிற்சிக்கு வந்திருந்த பெண் அவளைப் பேச விடாமல், "உங்கள் கலாசாரத்தில் நோயை முற்பிறவிப் பலன் என்று நினைப்பீர்களா?" என்று கேட்டாள்.

ஆரணி பிரெஞ்சிலேயே சொன்னாள்: "மதாம், நான் சார்செல். எங்கள் கலாசாரத்தில் ரயில் பிந்தி வரும், அவ்வளவுதான்."

பெண் பார்த்த ஞாயிறு

ஆரணியின் அக்காவுக்குச் சம்பந்தம் பேசி, ஆர்ஜொந்தெய்யிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பதினொரு மணிக்கு வந்தவர்கள் ஐந்து மணிக்குத்தான் எழும்பினார்கள். மருந்துப்புகை இயந்திரம் அலுமாரிக்குள் போனது. கினேயை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளையின் தாய் பக்கத்தில் இருந்ததால் ஆரணி குளிசை போடாமலே ஆட்டிறைச்சியும் சோறும் சாப்பிட்டாள். ஒரு நாளோடு நிற்கவில்லை. அடுத்தடுத்த நாளும் அவர்கள் வந்துபோனார்கள். அந்தக் கிழமையே குடல் அடைத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஒரு பிள்ளைக்குக் கலியாணம் செய்ய இன்னொரு பிள்ளையின் மூச்சை ஒளித்து வைக்கிற நம்மை என்ன சொல்லித் திட்டுவது?

இருமல் வந்தபோது என்ன செய்தாய் என்று மதாம் க்ளேர் கேட்டார். "குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு இருமினேன். மாப்பிள்ளையின் அம்மா வெளியே சொன்னது கேட்டது: 'சின்னவ நல்ல துப்புரவான பிள்ளை.'"

என் பிழை

இது என்னைப் பற்றியது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகு ஆரணி மதாமிடம் பிரெஞ்சில் சொன்னாள்: "இனிப் புகையும் வேண்டாம், கினேயும் வேண்டாம். உயிரோடு இருக்கும்போது என்னை ஒளிக்கிறவர்கள், செத்தால் யாரிடம் சொல்லி அழுவார்கள்?"

தாய் என் முகத்தைப் பார்த்தார். கண்ணைச் சுற்றிக் கறுப்பு, இரவெல்லாம் நித்திரை இல்லை. என் வாய் தானாகவே, "பிள்ளைக்குக் களைப்பாம் அக்கா, கொஞ்ச நாள் ஓய்வு வேணுமாம்" என்றது. இரக்கம் என்றுதான் அப்போது நினைத்தேன். நானும் சேர்ந்து அந்தப் பிள்ளையை ஒளித்திருக்கிறேன். என்மேல் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அந்த அறையில் அதுவரை தமிழே பேசாதவள் என் பக்கம் திரும்பினாள்: "அன்ரி, நான் அப்பிடிச் சொல்லேல்லை. சொன்னதைச் சொல்லுங்கோ."

சம்பந்தி வீட்டு நிபந்தனை

சொன்னேன், முழுதாக. தாய் எழுந்து போனார். பன்னிரண்டு நாள் கழித்து இருவரும் வந்தார்கள். பன்னிரண்டு நாளும் ஆரணி மருந்தைத் தொடவில்லை.

தாய் மாப்பிள்ளை வீட்டுக்குத் தானே போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அவர்கள் யோசித்துவிட்டுப் பதில் சொன்னார்களாம்: சம்பந்தத்துக்குத் தடையில்லை, ஆனால் சின்னவள் மணவறைக்குக் கிட்ட வரக்கூடாது, குடும்பப் படத்திலும் நிற்கக்கூடாது, வீடியோவை நாலு பேர் பார்ப்பார்கள். இதைப் பிரெஞ்சில் சொன்னேன். நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று மதாம் கேட்டார்.

"அப்ப நீங்களும் வரவேண்டாம் எண்டு சொன்னன். பக்கத்திலை நிண்ட மூத்தவள்தான் போனை வாங்கிக் கட் பண்ணினவள்."

ஆரணிக்கு அதுவரை இது தெரியாது. தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூக்கைத் துடைத்துவிட்டுத் தமிழில் சொன்னாள்: "மதாமிட்டைச் சொல்லுங்கோ அன்ரி, கினே நாளைக்கே வரட்டும் எண்டு."

ஊரார் கோபத்தை எல்லாம் ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்க்கப் பழகிவிட்டேன். என்னுடையதை மொழிபெயர்க்க ஆள் அகப்படாததால்தான் உங்களிடம் நேராகத் தமிழில் கொட்டிவிட்டேன்.