கிளம்பும் நேரத்துத் தும்மல்

ஒரு காலத்தில் எங்கள் வீட்டுக்குப் பஞ்சாங்கமே என் மகளின் மூக்குதான். யாராவது பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால் போதும், தும்முவாள். ஒற்றைத் தும்மல் ஆகாதென்று, கிளம்பியவர் திரும்பி வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். அதற்குள் திருப்பதி பஸ் வடமாலபேட்டையைத் தாண்டியிருக்கும்.

என் கணவருக்குக் குவைத்தில் டிரைவர் வேலை கிடைத்தது. எங்களோடு இருக்கும் மூத்த நாத்தனார் உடனே ஆரம்பித்தாள். "அன்னிக்கு மட்டும் கொயந்தய நாகலாபுரத்துல உங்கம்மா ஊட்ல உட்டுடு. போற எடம் தூரம்."

நைனாவை வழியனுப்ப முடியாதென்று தெரிந்ததும் குழந்தை சாப்பிடாமல் சுருண்டு படுத்துவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனால் வருஷக்கணக்கில் பார்க்க முடியாத அப்பா.

திருப்பதியில் குழந்தைகள் டாக்டரம்மாவிடம் காட்டினேன். காய்ச்சல் உண்டா, ஒழுகுவது கெட்டியா தண்ணீரா, கண் அரிக்கிறதா, குடும்பத்தில் யாருக்காவது இளைப்பு உண்டா என்று கேட்டார். "இது சளி இல்லம்மா, அலர்ஜி. எதனாலன்னு வீட்ல இருக்கற நீங்கதான் பாக்கணும்" என்றார்.

தலையணையை வெயிலில் போட்டேன். பவுடரை ஒளித்தேன். பூனையை விரட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகுதான் உறைத்தது, இவையெல்லாம் எந்நேரமும் வீட்டில் இருப்பவை. கிளம்பும்போது மட்டும் புதிதாக என்ன வருகிறது? யார் கிளம்பினாலும் நல்லபடியாகப் போய்வரட்டும் என்று நாத்தனார் சாமி படத்துக்குக் கத்தையாக ஊதுபத்தி கொளுத்துவாள்.

யாரும் எங்கும் போகாத ஒரு மத்தியானம் நானே கொளுத்தினேன். தும்மினாள். மறுநாள் ஊதுபத்தி இல்லாமல் கணவரைக் கடைக்கு அனுப்பினேன். மகள் வாசலில் நின்று கை காட்டினாள். மூக்கு சும்மா இருந்தது. இதைக் கேட்ட டாக்டரம்மா, "பாதி டாக்டர் ஆயிட்டீங்க" என்று சிரித்தார். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். அன்று எனக்குத் தலைக்கனம் ஏறியது, மறைப்பானேன்.

"பத்தி கொளுத்தாம அனுப்பிட்டு, ஏதாச்சும் ஆச்சின்னா?" என்றாள் நாத்தனார்.

"ஆவாது அண்ணி. கொயந்த கூட வரட்டும்."

ஊதுபத்தி இல்லாமலே கிளம்பினோம். சென்னை பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. அப்பாவின் தோளிலிருந்த மகள் தும்மிவிட்டாள். நாத்தனார் என் கையை இறுகப் பிடித்தாள். குழந்தை பயந்துபோய் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

என் கணவர் குழந்தையின் கையை விலக்கி, துண்டால் மூக்கைத் துடைத்துவிட்டார். "புழுதிம்மா, வேற ஒண்ணுமில்ல. நைனா போய்ட்டு வரேன்" என்றார். தண்ணீர் கேட்காமல் பஸ்ஸில் ஏறினார்.