நில்லும் என்றவர்

புதுக்கடை பக்கம் எங்கள் ரப்பர் ஷீட் உலர்த்தும் அறை மழையில் இடிந்தபோது என் மனைவி உள்ளே இருந்தாள். நானும் பக்கத்து வீட்டுக்காரர்களும் அவளைக் கூப்பிட்டபடி இடிபாட்டைச் சுற்றிச் சுற்றி ஓடினோம். தீயணைப்பு வண்டியில் வந்தவர் ஒல்லியானவர். காதுகொடுக்கும்போதெல்லாம் வாயைச் சற்றே திறந்துவைத்திருந்தார்.

“மக்கா, ஒருத்தரும் நடக்காதீங்க” என்றார்.

“ஆளு அடியில கெடக்கா, நிக்கவா சொல்லுதீரு?” என்று சீறினேன்.

“கால் ஓடும்போ மூளை காதை அமத்திப்போடும், அண்ணே. நில்லும்.”

நின்றேன். அவர் கை நீண்ட திசையில், கல்லை நகத்தால் சுரண்டும் சத்தம் எனக்கும் கேட்டது. அந்த இடத்தைத் தாண்டித்தான் அத்தனை முறை ஓடியிருக்கிறேன்.

அவர் பெயரைக் கேட்கவில்லை. இப்போதும் அடுக்களையிலிருந்து அவள் கூப்பிட்டால், நடையை நிறுத்திவிட்டுத்தான் ‘என்ன’ என்கிறேன்.