அண்ணனுக்கு முகம் சொன்ன கதை

எங்கள் அண்ணன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். ஒருவர் முகத்தைப் பார்த்து, கோபமாக இருக்கிறாரா குஷியாக இருக்கிறாரா என்று கண்டுபிடிக்க அவனுக்கு வராது. மற்றபடி கெட்டிக்காரன். வண்டிச் சத்தத்தை வைத்தே யார் வீட்டு மாடு வருகிறது என்று சொல்லிவிடுவான். ஆனால் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும்போது போய், "சிரிக்கிறீகளாப்பா?" என்று கேட்டு முதுகில் வாங்கிக்கொண்டு வருவான். இப்போது டாக்டர்கள் இதற்கு என்னவோ பெயர் வைத்திருக்கிறார்கள். அப்போது ஊர் வைத்த பெயர் கிறுக்கன். அப்படிச் சொன்னவர்களோடு நான் கட்டிப் புரண்டு சண்டை போட்டிருக்கிறேன்.

ஒரு இழவு வீட்டில் எல்லோரும் வாயைத் திறந்து அழுததைச் சிரிப்பென்று நினைத்து அவனும் சிரித்துவைத்தான். அக்காவுக்குப் பரிசம் போட நாள் குறித்ததும் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். "மாப்ள வீட்டாக முன்னாடி இப்படிச் சிரிச்சான்னா பரிசமே நின்னு போகும். மாட்டுக்கொட்டத்துலயே கெடக்கட்டும். மீறி ஏதாச்சும் செஞ்சான், மயிலாடும்பாறைக்கு ஆடு மேய்க்க அனுப்பிருவேன்." அவனை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்கா அழுதாள்.

அந்தச் சமயத்தில்தான் மாமா எங்கள் இரண்டு பேரையும் தேனிக்குப் படம் பார்க்கக் கூட்டிப்போனார். மாமா அம்மாவின் கடைசித் தம்பி; எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவர். பேசும்படம் வராத காலம் அது. கூடாரத்தில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் பிரம்போடு நின்று கதை சொல்லுவார். "ராஜாவுக்குக் கோபம்! கண் சிவக்கிறது!" என்று முழங்கினார். கறுப்புவெள்ளைப் படத்தில் கண் எப்படிச் சிவக்கும் என்று யாரும் கேட்கவில்லை. "ராணி அழுகையை அடக்குகிறாள்! தொண்டைக்குழி ஏறி இறங்குகிறது பாருங்கள்!"

அண்ணன் எழுந்தே நின்றுவிட்டான். "ஏ புள்ள, இந்தாளு எல்லாத்தையும் சொல்லிர்றாரு!" என்று கத்தினான். பின்னால் இருந்தவர்கள் அதட்டினார்கள். எனக்கு அப்படியே புல்லரித்துப்போயிற்று. அட, இவ்வளவுதானா சங்கதி! கூடவே ஒரு ஆள் நின்று சொன்னால் போதுமா! அதற்கு என்னைவிட வாயாடி அந்த வட்டாரத்திலேயே கிடையாதே!

மறுநாளே நானும் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்தவர் போனவர் முகமெல்லாம் பாடம்தான். "புருவம் நெருங்குனா கோவம். உதடு கோணுனா கேலி. தொண்டைக்குழி ஏறி எறங்குனா அழுகைய அடக்குறாக." அண்ணன் அத்தனையையும் மனப்பாடம் செய்தான். ஒருநாள் அப்பா வாசலில் நுழைந்ததும் உற்றுப்பார்த்து, "புருவம் நெருங்கிருக்கு, பெறகு வாரேன்" என்று திரும்பிப் போனான். அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி ஆத்தா, பந்தல்ல நீ அவன் பக்கத்துலயே உக்காந்து பாத்துக்க" என்று இறங்கிவந்தார். நான் குதித்த குதியில் பானை ஒன்று உடைந்தது.

பரிச நாளில் நான் காதில் ஓத ஓத, அண்ணன் கும்பிட வேண்டிய இடத்தில் கும்பிட்டான், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தான். கடைசியில் மாமாவின் முறை வந்தது. எங்கள் பக்கத்தில் அக்கா மகளைக் கட்டத் தாய்மாமனுக்குத்தான் முதல் உரிமை. வெளியே கொடுத்தால் அவன் பந்தலில் எழுந்து கோபித்துக்கொள்ள வேண்டும். பெரியவர்கள் வெற்றிலை பாக்குக் கொடுத்துச் சமாதானம் செய்ய வேண்டும். வெறும் சடங்குதான். மாமாவுக்கு ஒரு குழி நிலம் கிடையாது. மாப்பிள்ளைக்கோ ஓடைப்பட்டியில் கிணற்றோடு தோட்டம்.

மாமா துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "நான் ஒருத்தன் இருக்கையில, என்னையக் கேக்காம யாருக்குக் குடுக்குறீக?" என்று உறுமினார். பந்தல் கொல்லென்று சிரித்தது. "பொய்க்கோவம் அண்ணே, சிரி, சிரி!" என்று நான் கிள்ளினேன். அவன் சிரிக்கவில்லை. மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்:

"இல்ல. மாமா அழுகைய அடக்குறாக."

மாப்பிள்ளையின் அப்பா தாம்பூலத் தட்டைக் கீழே வைத்துவிட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா எழுந்துவிட்டார். போச்சு, எல்லாம் போச்சு, அண்ணன் மயிலாடும்பாறைக்குப் போய்விட்டான் என்று நான் அவன் வாயைப் பொத்தினேன்.

மாமாதான் காப்பாற்றினார். ஒரே எட்டில் வந்து அண்ணனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். "ஆமா மருமகனே! கூட வெளையாண்ட பிள்ளைய ஓடைப்பட்டிக்காரகளுக்கு விட்டுக்குடுக்கணும்னா அழுகை வராதா?" என்றார். மறுபடியும் சிரிப்பு. தட்டு மாறியது. அப்பா அண்ணன் தலையைத் தடவிக்கொடுத்தார். மயிலாடும்பாறைப் பேச்சை அப்புறம் அவர் எடுக்கவே இல்லை.

எனக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை. "தப்பாச் சொல்லிட்டியே அண்ணே! அது நடிப்பு."

"தொண்டைக்குழி ஏறி எறங்குச்சே?"

"வெத்தலை சிக்கிருக்கும்!"

மறுவாரம் மாமா மலையேறி ஏலத்தோட்டத்து வேலைக்குப் போய்விட்டார். கல்யாணத்துக்கு வரவில்லை. காய் எடுக்கும் நேரம், முதலாளி விடமாட்டேன் என்கிறாராம் என்று அப்பா சொன்னார். அவ்வளவு பெரிய தோட்டமே எங்கள் மாமா இல்லாமல் ஓடாதாம் என்று, கல்யாண வீடு முழுக்க நான் பீற்றிக்கொண்டு திரிந்தேன். அக்காவிடமும் போய்ச் சொன்னேன்.