கிளித்தட்டில் ஒரு முழங்கை

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஓசூரில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் விளையாட்டு விழாவில் நடந்தது இது. வண்டிகளுக்கு வயரிங் செய்து கொடுக்கும் கம்பெனி. நான் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இன்ஜினீயர். எதையும் பட்டியல் போட்டுத்தான் செய்வேன் என்பதால், பெண்களுக்கான போட்டிகளை நடத்தும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

அந்த வருடம் பெண்கள் எங்களுக்கு ஒரு கோரிக்கை இருந்தது. மைதானம் எப்போதும் ஆண்களின் கிரிக்கெட்டுக்குத்தான். சனிக்கிழமை முதல் ஷிப்ட் முடிந்ததும் ஒரு மணி நேரம் பெண்களுக்கு விட வேண்டும், அதுவரை கம்பெனி பஸ் காத்திருக்க வேண்டும். இவ்வளவுதான் கேட்டோம். முந்தைய வருடம் பெண்களின் கயிறு இழுக்கும் போட்டி கைகலப்பில் முடிந்ததை மேலாளர் மறக்கவில்லை. "விழாவுல ஒரு மேட்ச் ஆடிக் காட்டுங்க. ஒரு சண்டை வந்தாலும் இந்தப் பேச்சை இதோட விட்டுடணும்" என்று சொல்லிவிட்டார்.

என்ன ஆடுவது? அசெம்பிளி லைனில் என் வயதை ஒட்டிய ஒரு தோழி இருந்தார். பதினான்கு வயதில் இலங்கையிலிருந்து வந்து, கிருஷ்ணகிரி பக்கம் ஒரு அகதிகள் முகாமில் வளர்ந்தவர். டீ இடைவேளையில் அவர் ஊர் விளையாட்டுகளைச் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். எத்தனை பேர், என்ன பொருள், எவ்வளவு இடம், அடிபட வாய்ப்பு உண்டா என்று நான்கு பத்திகள்.

அங்கே வாலிபாலைக் கரப்பந்து என்பார்கள். அதுதான் தேசிய விளையாட்டாம். கிரிக்கெட் பைத்தியம் நம்மைப் போலவேதான். பெண்கள் பள்ளிகளில் வளையத்துக்குள் பந்து போடும் வலைப்பந்து, அதாவது நெட்பால். அவரும் பள்ளி அணியில் ஆடியவர். சித்திரைப் புத்தாண்டில் மூங்கில் மட்டையால் பந்தை அடித்துவிட்டு ஓடும் எல்லே, மரக்கட்டையில் உட்கார்ந்து தலையணையால் அடித்துக்கொள்ளும் சண்டை, தேங்காயைத் தேங்காயால் உடைக்கும் போர்த்தேங்காய். கடைசியாகச் சொன்னதைக் கேட்டு, பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருத்தி, "கேன்டீன்ல சட்னிக்கே தேங்காய் பத்தல, இதுல போர் வேறயா?" என்றாள்.

நான்கு பத்தியிலும் தேறியது கிளித்தட்டு மட்டும்தான். தரையில் கோடு போட்டுக் கட்டங்கள் பிரித்தால் போதும். ஒரு அணி கோடுகளில் நின்று காவல் காக்கும். மற்ற அணி தொடுபடாமல் கட்டம் கட்டமாகக் கடந்து, மறுமுனை போய்த் திரும்பி வந்தால் ஒரு புள்ளி. காவல் அணியின் தலைவிக்குக் கிளி என்று பெயர்; எந்தக் கோட்டிலும் ஓடித் தொடலாம். ஒருத்தி தொடுபட்டாலும் அணி முழுவதும் ஆட்டம் இழந்து காவலுக்கு மாற வேண்டும்.

நான் டேப் வைத்து அளந்து, சுண்ணாம்புத் தூளில் கோடு போட்டேன். பத்தொன்பது விதிகள் டைப் செய்து நகல் எடுத்தேன். தோழி அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "எங்கட ஊரில இதுக்கு ரெஃப்ரியே இல்லை மேடம். பட்டா பட்டவளே சொல்லிப்போட்டு வெளியில வரோணும்."

"அதெல்லாம் இங்க நடக்காதுக்கா" என்றேன். விசிலோடு நானே நடுவராக நின்றேன்.

தோழியின் அசெம்பிளி அணியும், வயர் முனைகளை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் அணியும் மோதின. கிரிம்பிங் தலைவி வேப்பனப்பள்ளிக்காரர். கோபம் வந்தால் தமிழிலிருந்து தெலுங்குக்குத் தாவிவிடுவார்; அன்று பாதி நேரம் தெலுங்குதான். ஓவர்கோட்டைக் கழற்றிவிட்டுத் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிய பெண்கள் ஓடிய ஓட்டத்தைப் பார்க்க, கிரிக்கெட் மட்டையை ஓரம் வைத்துவிட்டு ஆண்களும் வந்து நின்றார்கள். தோழி ஓடியது தனி அழகு. இடது பக்கம் தோளைச் சாய்ப்பார், காவல்காரி அங்கே பாய்வதற்குள் வலது பக்கம் அடுத்த கட்டத்தில் இருப்பார். அத்தனை வருடமும் இந்தக் கால்கள் எங்கே சும்மா கிடந்தன என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

முதலில் மூன்று புள்ளி எடுக்கும் அணிக்கு வெற்றி; இரண்டுக்கு இரண்டு என்று நின்றது. தோழி மறுமுனை போய்த் திரும்பிவிட்டார். இன்னும் இரண்டு கட்டம் கடந்தால் வெற்றி. கிளியாக நின்ற வேப்பனப்பள்ளிக்காரர் நடுக்கோட்டில் ஓடி வந்து கையை வீசினார். தோழி வளைந்து கடைசிக் கட்டத்துக்குள் நுழைந்தார்.

"தொட்டுட்டேன்! நான் தொட்டுட்டேன்!"

"காத்தைத் தொட்டீங்க!" என்றது அசெம்பிளி கூட்டம்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உண்மையில் நான் கையைப் பார்க்கவே இல்லை. காவலர் கால் கோட்டை விட்டு விலகக்கூடாது என்பது என் ஏழாவது விதி; அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. நடுவர் பார்க்காத தொடுதல் செல்லாது என்று பதினான்காவது விதி இருந்தது. விசில் ஊதி, "நாட் அவுட்" என்றேன்.

"க்வாலிட்டிக்காரங்களுக்கு எங்க பீஸ்ல மட்டும்தான் கண்ணு நல்லாத் தெரியும்!" என்று கிரிம்பிங் பக்கத்திலிருந்து ஒரு குரல். பத்துப் பேர் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தார்கள். அசெம்பிளி பக்கத்திலிருந்தும் பத்துப் பேர். மேலாளர் நாற்காலியிலிருந்து எழுந்தார். எங்கள் சனிக்கிழமை போயிற்று என்று நினைத்தேன்.

தோழி கடைசிக் கட்டத்தில் நின்றார். ஒரு எட்டு வைத்தால் வெளியே, வெற்றி. அவர் கையைத் தூக்கினார்.

"பட்டது. முழங்கையில. நான் உடனே நிண்டிருக்கோணும், ஓட்டத்தில ரெண்டடி கூட வைச்சிட்டன்."

அவர் அணிப் பெண்ணே பதறினாள். "அக்கா, மேடமே நாட் அவுட் குடுத்துட்டாங்க, உனக்கு இன்னாத்துக்கு?"

"அவங்க பார்க்கேல்ல. எனக்குத் தெரியும்தானே" என்று சொல்லிவிட்டு, பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டி வெளியே நடந்தார்.

உள்ளே வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு பின்வாங்கினார்கள். அணிகள் மாறி ஆட்டம் தொடர்ந்தது. சற்று நேரத்தில் கிரிம்பிங் பெண் ஒருத்தி ஓட்டத்தின் நடுவில் நின்று, தானாகவே கையைத் தூக்கினாள். "என் மேல பட்டுடுச்சு." நான் அதையும் பார்க்கவில்லை. அவள் தலைவி நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஏய், உன்ன யாருடி கேட்டா!" சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மைதானமே சிரித்தது. அதற்குப் பிறகு நான் விசில் ஊத வேண்டியே வரவில்லை.

கடைசியில் ஒரு புள்ளியில் கிரிம்பிங் அணி ஜெயித்தது. தலைவி நேராகத் தோழியிடம் போய் முழங்கையைப் பிடித்துப் பார்த்தார். "இங்கதான பட்டுச்சு? எனக்கே சந்தேகந்தாம்மா. சும்மா கத்திப் பாத்தேன்."

"நல்லாத்தான் கத்தினீங்க" என்றார் தோழி.

மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "சனிக்கிழமை, ஒரு மணி நேரம். பஸ் நிக்கும்" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு எல்லோரும் கைதட்ட, நானும் தட்டினேன். என் தவறை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு நாள் அது உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் காலை ஷிப்ட் கூட்டத்தில் எல்லோர் முன்பும் சொன்னேன்: "அன்னைக்கு நான் பார்க்கல. பார்க்கலன்னு சொல்லியிருக்கணும். மன்னிச்சுக்குங்க." சிலர் சிரித்தார்கள். யாரோ, "பத்தொன்பதோட இதையும் சேத்துக்கோங்க மேடம், இருபதாவது ரூல்" என்றார்கள். எனக்குக் காது சூடானது. ஆனால் அந்த வாரமே நடுத்தர வயது ஆபரேட்டர் ஒருவர், சோதனையில் தப்பிவிட்ட ஒரு வயர் முனையைத் தானே எடுத்து வந்து, "இது என் கைதான் மேடம், சரியா அழுத்தல" என்று மேசையில் வைத்தார். அதுவரை யாரும் அப்படி வந்ததில்லை.

சனிக்கிழமைகள் இன்னும் நடக்கின்றன. பராமரிப்புப் பிரிவில் பழைய குழாயை வளைத்து ஒரு வளையம் செய்து கொடுத்தார்கள். இப்போது தோழி எங்களுக்கு வலைப்பந்தும் சொல்லித் தருகிறார். எவ்வளவு நுணுக்கமாகச் சோதித்தாலும் என் கண்ணுக்குத் தப்புவது எப்போதும் ஏதாவது இருக்கும் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அதைத் தானாக முன்வந்து சொல்ல ஒரு மனிதருக்கு எவ்வளவு பெரிய மனது வேண்டும் என்பதை, வெற்றிக்கு ஒரு எட்டு இருக்கும்போது கையைத் தூக்கிய அந்தப் பெண்ணிடம்தான் பார்த்தேன்.